பேருந்தில் இடம் தந்த பெருந்தகை: ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார்

முன்னுரை

நாட்டை ஆண்ட மன்னர்களுக்கும், நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்த தலைவர்களுக்கும் வரலாற்று நூல்களில் இடமுண்டு. சாலை போட்டவர்களுக்கும், கிணறு வெட்டியவர்களுக்கும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய்ந்தவர்களுக்கும் அந்நூல்களில் பெரும்பாலும் இடமில்லை. ஆயினும் சாதாரணக் குடிமகன் அரசு என்ற ஒன்றைத் தன் கண்ணால் காண்பது தலைநகரத்துக் கோட்டையில் அன்று; தன் ஊர்த் தெருவில்தான். தெருக்குழாயில் நீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, சாலை நடக்கத் தகுந்ததாக இருக்கிறதா, பேருந்து நின்று ஏற்றிச் செல்கிறதா என்பவற்றைக் கொண்டே அவன் தன் அரசை எடை போடுகிறான். இவை யாவும் அன்றாடக் குறைகள். இக்குறைகளைக் கேட்கவும் தீர்க்கவும் ஏற்பட்டவையே உள்ளாட்சி மன்றங்கள்.

அத்தகைய மன்றம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்து, கையிலிருந்த ஒரு சிறிய அதிகாரத்தைக் கொண்டு பெரியதொரு நன்மையைச் செய்தவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். நம் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தவர் அவர். ஆதிதிராவிட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுக்கும் முதலாளியின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டவர். நாள்தோறும் பேருந்தில் ஏறிக் கல்லூரிக்கு வரும் நாம் அவருடைய வாழ்வை அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

அன்றைய இராமநாதபுரம்

சௌந்தரபாண்டியனாரின் பணியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அன்றைய மாவட்டத்தைக் காண வேண்டும். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. இன்றைய மாவட்டத்தைவிட அது மிகப் பெரியது. மேற்கே மலையடிவாரத்து இராஜபாளையம் தொடங்கிக் கிழக்கே இராமேசுவரம், தனுஷ்கோடி வரை அது பரந்து கிடந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டை ஆகிய ஊர்கள் யாவும் அதனுள் அடங்கியிருந்தன. 1985-இல்தான் அது மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது.

மழையை நம்பிய மண் அது. கண்மாய்ப் பாசனமும், ஊருணித் தண்ணீரும், கரையோரத்தில் பனையும் மீனும் மக்களின் வாழ்வாதாரங்கள். நிலத்தின் பெரும்பகுதி ஜமீன்களுக்கு உட்பட்டிருந்தது. ஊருணியில் யார் இறங்கலாம், எந்தத் தெருவில் யார் நடக்கலாம், கோயிலில் யார் எதுவரை செல்லலாம் என்பவற்றையெல்லாம் சாதி தீர்மானித்தது.

இவ்வகையில் இம்மாவட்டத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. 1897-இல் கமுதியிலுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் குலத்தவர் சிலர் சென்று வழிபட்டனர். அது குற்றமெனக் கருதப்பட்டது. கோயிலின் அறங்காவலராயிருந்த சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் வந்த இறுதித் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக அமைந்தது. இதற்கிடையில் 1899-இல் சிவகாசியில் நாடார்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் நேர்ந்தன. கதவடைக்கப்பட்ட ஒரு குலத்தின் காயம் ஆறாத காலம் அது.

பிறப்பும் பின்னணியும்

1893-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பட்டிவீரன்பட்டியில் சௌந்தரபாண்டியனார் பிறந்தார். அவ்வூர் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களாலும் காப்பி வணிகத்தாலும் செழித்த ஊர். தந்தையார் அய்யநாடார் செல்வர், தோட்ட உரிமையாளர். ஆகவே வறுமையின் துன்பம் சௌந்தரபாண்டியனாருக்கு இல்லை. செல்வம் இருந்தும், பிறந்த குலத்தின் காரணமாகக் கோயில் வாயிலில் நிறுத்தப்படும் இழிவு அவருக்கும் உண்டு. கமுதி வழக்கின் தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது பதினைந்துதான்.

1910-இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. கல்வி, வணிகம், ஒற்றுமை ஆகியவற்றின் வழியே குலத்தை உயர்த்த அச்சங்கம் முயன்றது. இளமையிலேயே சௌந்தரபாண்டியனார் அச்சங்கப் பணிகளில் ஈடுபட்டுப் பின்னர் அதன் தலைவராகவும் விளங்கினார். நீதிக்கட்சியின் பால் அவர் ஈர்க்கப்பட்டார். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்துக்கு 1920-இல் நியமன உறுப்பினராக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

தம் குலத்தின் பிரதிநிதியாகவே அவர் சட்டமன்றம் சென்றார். தம் குலத்துக்கு உரிமை கேட்பதோடு அவர் நின்றிருந்தால், அக்காலத்தில் பல சாதிச் சங்கங்களில் தோன்றிய தலைவர்களுள் ஒருவராக மட்டுமே மதிக்கப்பட்டிருப்பார். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. தமக்கு மேலிருப்பவர் தம்மை ஒதுக்குவது தவறென்றால், தமக்குக் கீழென்று கருதப்படுபவரைத் தாம் ஒதுக்குவதும் தவறே என்ற தெளிவு அவரிடம் இருந்தது. மேலே உரிமை கேட்டவர்கள் கீழே உரிமை தர மறுத்த வழக்கம் எல்லாக் குலங்களிலும் இருந்தது. இத்தெளிவு ஏற்பட்டவர் அன்று மிகச் சிலரே.

ஜில்லா போர்டு என்ற அமைப்பு

மாவட்டக் கழகம் என்று நாம் எழுதினாலும், மக்கள் வழக்கில் அது ஜில்லா போர்டுதான். 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானமும், 1884-இல் வந்த சென்னை உள்ளாட்சிக் கழகச் சட்டமும் அதற்கு அடிப்படை. முதலில் கலெக்டரே அதன் தலைவர். பொதுமக்களின் பிரதிநிதிகள் கைக்குத் தலைமைப் பதவி மெல்ல மெல்லவே வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் மாவட்டக் கழகங்கள் உண்மையான மக்கள் மன்றங்களாக வளரத் தொடங்கின.

அன்றைய ஜில்லா போர்டின் பணிகள் எவை? சாலைகளும் பாலங்களும், தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும், மருத்துவமனைகள், அம்மை குத்துதல், குடிநீர்க் கிணறுகள், சந்தைகள், வழிப்போக்கர் தங்கும் சத்திரங்கள் ஆகியவை அதன் பொறுப்பில் இருந்தன. சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பை ஏலம் விடுவதும், சுங்கச்சாவடிகளில் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்குவதும் அதன் வருவாய் வழிகள். நிலவரியோடு சேர்த்து ஒரு செஸ் வாங்கப்பட்டது. பெரிய வருவாய் இல்லை. வானளாவிய அதிகாரமும் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைத் தொடும் பொருள்களில் பெரும்பாலானவை அதன் கையில் இருந்தன.

இவற்றோடு மோட்டார் வாகனம் வந்த பின்னர் ஒரு புதிய அதிகாரமும் சேர்ந்தது. வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் போர்டின் சாலைகளில் ஓட வேண்டுமானால், போர்டின் உரிமம் பெற்றாக வேண்டும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதன்வழி அமைந்த போக்குவரத்து அதிகார அமைப்புகளும் தோன்றாத காலம் அது. பேருந்து முதலாளி ஒருவர் லாரியைப் போன்ற ஒரு வண்டியை வாங்கி, மரப்பலகை இருக்கைகள் அடித்து, சாலையில் விடுமுன் உரிமத்துக்காகப் போர்டு அலுவலகத்து வாயிலில் நின்றே தீர வேண்டும். இதை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பேருந்து வந்தது, பேதமும் ஏறிக்கொண்டது

1912-இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே தி. வே. சுந்தரம் அய்யங்கார் பேருந்து விட்டதைத் தமிழகப் போக்குவரத்து வரலாற்றில் தொடக்கமாகச் சொல்வார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இராமேசுவரத்துக்குப் புகைவண்டி சென்றது. 1920-களில் பாலைவனம் போன்ற நம் சாலைகளிலும் பேருந்துகள் புழுதி கிளப்பத் தொடங்கின. நாள் முழுதும் நடந்தோ மாட்டுவண்டியிலோ சென்ற தொலைவை ஓரிரு மணி நேரத்தில் கடக்க முடிந்தது. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் செல்வது எளிதாயிற்று.

புகைவண்டிக்கும் பேருந்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. புகைவண்டியில் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிய எவரும் மூன்றாம் வகுப்பில் ஏறலாம். சேதுவில் நீராட வந்த வடநாட்டு யாத்திரிகரும், அவர் இன்னாரென்று அறியாத பக்கத்துப் பயணியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாம்பனைக் கடந்தனர். ஆனால் பேருந்து தனிமனிதருடைய உடைமை. நடத்துநரும் உள்ளூர்க்காரர், பயணிகளும் உள்ளூர்க்காரர்கள். சாலையோரத்தில் கைகாட்டி நிற்பவர் எந்தச் சேரியைச் சேர்ந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததனால் வண்டி நிற்காது. நின்றாலும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டும் ஆதிதிராவிட மக்கள் வெயிலில் நடந்தனர்.

நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய தாய்க்கு அது எத்தகைய கொடுமை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மருத்துவமனையும் போர்டின் பணத்தில் நடப்பது. அச்சாலையும் போர்டின் பணத்தில் போடப்பட்டது. வரி எல்லாரிடமும் வாங்கப்பட்டது. பயன் மட்டும் சிலருக்கு எட்டாமல் போயிற்று.

இதற்குச் சட்டத்தில் வழியில்லையா என்று கேட்கலாம். பொதுச் சாலைகள், பொதுக் கிணறுகள், பொது இடங்கள் ஆகியவற்றை ஆதிதிராவிடர் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924-இல் ஆர். வீரையன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது ஏற்கப்பட்டு அரசாணையாகவும் வெளிவந்தது. இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோரும் அம்மன்றத்தில் இவ்வுரிமைகளுக்காகத் தொடர்ந்து வாதாடினர். ஆனால் சென்னையில் நிறைவேறிய தீர்மானம் இராமநாதபுரத்துச் சாலைக்கு வந்து சேர வேண்டுமே! ஆணைத்தாள் கோப்பில் இருந்தது. பேருந்து நிற்காமல் சென்றுகொண்டே இருந்தது.

ஆணை பிறந்தது

இந்த இடைவெளியை நிரப்பியவரே சௌந்தரபாண்டியனார். 1920-களின் இறுதியில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக வீற்றிருந்தார். ஆதிதிராவிட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்பது அவர் பிறப்பித்த ஆணை.

இவ்வாணையின் சிறப்பை நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். அவர் புதிய சட்டம் எதனையும் இயற்றவில்லை. அதற்குரிய அதிகாரம் மாவட்டக் கழகத்துக்குக் கிடையாது. பெருந்தொகை எதனையும் செலவிடவில்லை. அதற்குரிய நிதியும் கிடையாது. பேருந்து முதலாளிகளின் மனம் மாறட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. போர்டின் சாலையில் ஓட்டிப் பொருள் ஈட்டுபவர், அச்சாலைக்கு உரிய மக்கள் அனைவரையும் ஏற்ற வேண்டும் என்பதை உரிமத்தோடு பிணைத்தார். அவ்வளவே. உரிமம் என்ற அன்றாட அலுவலகக் காகிதம் அவர் கையில் நீதியின் கருவியாயிற்று.

இன்னொன்றும் உண்டு. தாழ்த்தப்பட்டவரை ஏற்றினால் மற்றப் பயணிகள் போட்டியாளர் வண்டிக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் பேருந்து முதலாளிகளிடம் இருந்திருக்கும். நல்லெண்ணம் கொண்ட முதலாளியையும் இந்த அச்சம் தடுத்துவிடும். எல்லா வண்டிகளுக்கும் ஒரே நிபந்தனை என்று ஆகிவிட்டால், ஓடிப்போக வேறு வண்டி ஏது? ஆகவே இவ்வாணை தீயவரை அடக்கியது மட்டுமன்று. தயங்கி நின்ற நல்லவருக்குத் துணையாகவும் அமைந்தது. தனிமனிதரின் இரக்கத்தால் ஆகாத செயல், பொது மன்றத்தின் ஒரே விதியால் ஆயிற்று. உள்ளாட்சி எதற்காக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

காலத்தையும் ஒப்பிட்டுக் காண்போம். பொது வசதிகளில் தீண்டாமை பாராட்டுவதைத் தடுக்கும் குடியுரிமைக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் சென்னை மாகாணத்தில் எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938-இல்தான் வந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. பொது ஊர்தியில் ஏற்ற மறுப்பதைக் குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இந்தியா முழுமைக்கும் 1955-இல் வந்தது. மாகாணம் செய்வதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பும், நாடு செய்வதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பும், வறண்ட மாவட்டமொன்றின் ஜில்லா போர்டு அதைச் செய்துவிட்டது.

செங்கற்பட்டு மாநாடு

இவ்வாணை திடீரெனத் தோன்றியதன்று. அக்காலத்தில் தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கம் ஊரெங்கும் பரவி வந்தது. சௌந்தரபாண்டியனார் பெரியாரின் நெருங்கிய துணைவர்களுள் ஒருவர். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் நடந்த முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட வேண்டும் என்றும், பொதுச் சாலை, குளம், கிணறு ஆகியவற்றில் அனைவர்க்கும் சம உரிமை வேண்டும் என்றும், பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் அம்மாநாடு தீர்மானங்கள் நிறைவேற்றியது. இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதிப்பட்டம் எழுதுவது அருகிப் போனதற்கு அம்மாநாடு ஒரு முக்கியக் காரணம்.

மாநாட்டு மேடையில் நிறைவேறும் தீர்மானங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் பல மேடையோடு முடிந்துபோகும். மேடையில் எதைத் தீர்மானித்தாரோ, அதை அலுவலக மேசையில் கையெழுத்திட்டு நடைமுறைப்படுத்தும் வாய்ப்புப் பெற்றவர் சிலர். வாய்ப்புப் பெற்றும் அதனைப் பயன்படுத்தியவர் அவரினும் சிலர். சௌந்தரபாண்டியனார் அச்சிலருள் ஒருவர். 1931-இல் மூன்றாவது சுயமரியாதை மாநாடு விருதுநகரில் கூடியது. அவ்வூரும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்ததே என்பது நினைக்கத்தக்கது.

ஆணையின் எல்லை

ஒரே ஆணையால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதுவது புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது. அதே மாவட்டத்தில், அதே காலத்தில் நடந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும்.

1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தின் சில பகுதிகளில் ஆதிக்கச் சாதியார் கூடி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியக்கூடாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கலம் கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூச்சூடக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது. இவைதாம் அத்தடைகளின் சாரம். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் உடைமையும் அழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இவற்றைத் தம் அறிக்கையில் பதிவு செய்துள்ளார்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, சௌந்தரபாண்டியனார் எத்தகைய சூழலில் அவ்வாணையைப் பிறப்பித்தார் என்பது. செருப்பணிந்து நடப்பதே குற்றமென்று கருதியவர்கள் வாழ்ந்த மண்ணில், பக்கத்து இருக்கையில் அமர்வது உரிமை என்று அவர் கையெழுத்திட்டார். இரண்டாவது, உள்ளாட்சியின் ஆணை எங்குவரை செல்லும் என்பது. போர்டின் சாலையில் ஓடும் பேருந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்டது. சாலையிலிருந்து பிரிந்து ஊருக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதையில் போர்டின் கை எட்டவில்லை. பேருந்தில் சமமாக அமர்ந்து வந்தவர், இறங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய நிலைமை ஊருக்குள் நீடித்தது.

ஆயினும் ஓரிடத்தில் பெற்ற உரிமை மற்றோரிடத்தில் கேட்கும் துணிவைத் தரும். பேருந்தில் அமர்ந்தவர், தேநீர்க் கடைப் பலகையில் அமரவும், பள்ளி வகுப்பில் முன்வரிசையில் அமரவும் ஒருநாள் கேட்பார். அவ்வகையில் அவ்வாணை போட்டது சிறு விதைதான். ஆனால் உயிருள்ள விதை.

பிற்கால வாழ்வு

மாவட்டக் கழகத்தின் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் என்று பதவிகள் வகித்த சௌந்தரபாண்டியனாரின் குலத்தவர்க்கே மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாயில் திறந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாளில்தான். அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் உடன் சேர்ந்து ஆலயப் பிரவேசம் செய்தனர். அதாவது, பிறருக்குப் பேருந்தின் கதவைத் திறந்துவிட்டுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அவர் குலத்துக்குக் கோயிற் கதவு திறந்தது. தமக்குக் கிடைக்கும்வரை காத்திராமல் பிறருக்குக் கொடுத்த பெருமை அவருடையது.

1930-களில் நாட்டின் அரசியல் காற்றுத் திசை மாறியது. நீதிக்கட்சி 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றது. நாடார் குல இளைஞர் பலர் காங்கிரசின் பக்கம் திரும்பினர். அவர்களுள் தலைசிறந்தவர் விருதுநகர்க் காமராசர். அவர் 1941-இல் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அப்பதவியை ஏற்று, முழுநேரமும் உழைக்க முடியாத பதவியில் இருக்கலாகாது என்று உடனே விலகிவிட்டார். சௌந்தரபாண்டியனாரும் காமராசரும் அரசியலில் வேறு வேறு பாதையினர். ஆனால் உள்ளாட்சிப் பதவியை வெறும் அணிகலனாகக் கருதாத பண்பில் இருவரும் ஒத்தவர். கிடைத்த பதவியை முழுதும் பயன்படுத்தியவர் ஒருவர். பயன்படுத்த நேரமில்லாத பதவியைத் துறந்தவர் மற்றொருவர்.

சௌந்தரபாண்டியனார் 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு அறுபது வயதும் நிரம்பவில்லை. சென்னை தியாகராய நகரில் மக்கள் பாண்டி பஜார் என்று அழைக்கும் கடைவீதிக்குச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பெயர். அங்கே பொருள் வாங்கச் செல்லும் பல்லாயிரவருள், அப்பெயருக்குரியவரையும் அவர் நம் மாவட்டத்தில் செய்த பணியையும் அறிந்தவர் எத்தனை பேர்?

ஜில்லா போர்டுக்குப் பின்

அவர் மறைந்த சில ஆண்டுகளில் ஜில்லா போர்டுகளும் மறைந்தன. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. மாவட்டக் கழகங்கள் கலைக்கப்பட்டன. பேருந்து உரிமம் போக்குவரத்துத் துறைக்குப் போயிற்று. 1970-களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. 1988-இல் பாம்பனில் சாலைப்பாலம் திறக்கப்பட்ட பின்னர், அதுவரை மண்டபத்தோடு நின்ற பேருந்துகள் இராமேசுவரம் வரை ஓடின. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது.

வளர்ச்சி இவ்வாறிருக்க, பழைய நோய் முற்றும் நீங்கிவிடவில்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் போரிட்டு மாண்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அவர் பட்டியல் குலத்தில் பிறந்தவர் என்பதால் எதிர்ப்புக் கிளம்பிக் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பேருந்துக்குள் யார் அமர்வது என்று தொடங்கிய சிக்கல், எழுபது ஆண்டுகள் கழிந்து, பேருந்தின் மேல் யார் பெயர் எழுதுவது என்ற வடிவில் திரும்பி வந்தது.

உள்ளாட்சியும் இடையிடையே உறங்கியதுண்டு. 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்குப் புத்துயிர் அளித்தன. ஆனால் 2016-இல் பதவிக்காலம் முடிந்த பின்னர், ஊரகப் பகுதிகள் பெரும்பாலானவற்றில் 2019 டிசம்பர் வரையிலும், நகரங்களில் 2022 பிப்ரவரி வரையிலும் தேர்தல் நடக்கவில்லை. அவ்வாண்டுகளில் தனி அலுவலர்கள் நிருவாகம் செய்தனர். சம்பளத்துக்குப் பணியாற்றும் அலுவலரிடமும் திறமை இருக்கலாம், கடமையுணர்ச்சி இருக்கலாம். ஆனால் தெருவில் மறித்து நிறுத்திக் கேட்கும் உரிமை வாக்களித்த மக்களுக்கு இல்லாமற் போய்விடுகிறது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! சௌந்தரபாண்டியனாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. குறை தீர்க்கும் இடத்தில் இருப்பவர்கள், எங்களுக்கு அதிகாரம் இல்லை, நிதி இல்லை, மேலிடத்து ஆணை வரவில்லை என்று சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இருக்கும் அதிகாரம் எது, அதைக்கொண்டு எதுவரை செல்லலாம் என்று தேடிப் பார்த்த பின்னர் சொல்லப்படும் மறுமொழி அதுவா என்பதே கேள்வி. சௌந்தரபாண்டியனார் தேடிப் பார்த்தார். சாலை உரிமம் கையில் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

நம்முள் பலர் நாளை ஊராட்சிச் செயலராகவும், நகராட்சி அலுவலராகவும், மன்ற உறுப்பினராகவும், ஆசிரியராகவும் பணியாற்றப் போகிறவர்கள். குடிநீர் வராத தெருவிலிருந்து ஒருவர் மனுவோடு வருவார். பேருந்து நிற்காத நிறுத்தத்திலிருந்து ஒருவர் வருவார். அம்மனு நமக்கு அன்றைய பத்தோடு பதினொன்றாகத் தோன்றலாம். அவருக்கோ அது ஒன்றே வாழ்க்கைச் சிக்கல். நம் கையெழுத்துக்கு எந்த அளவு வலிமை உண்டோ, அந்த அளவை முழுதும் அவருக்காகப் பயன்படுத்த வேண்டும்.

அப்பதவிகளுக்கு வரும் முன்னரே நாம் செய்யக்கூடியதும் உண்டு. குடியரசு நாளிலும், மே நாளிலும், விடுதலை நாளிலும், காந்தி பிறந்த நாளிலும் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. அங்கே போய் அமர்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கணக்கைக் கேட்கலாம், குறையைச் சொல்லலாம், தீர்மானம் எழுதச் செய்யலாம். ஊரின் எந்தப் பகுதிக்குக் குழாய் போகவில்லை, எந்தப் பகுதியின் முன் பேருந்து நிற்பதில்லை என்பதை எழுந்து கேட்பதற்குப் படித்த பிள்ளைகள் அச்சபையில் இருக்க வேண்டும். நம் கல்விக்கு ஊர் எதிர்பார்க்கும் முதற்பயன் அதுவேயாகும்.